துபாஷி மொழிபெயர்த்த கன்னம்

ஒரு ஜமீனில் அனந்தப்பர் என்றொரு துபாஷி இருந்தார். வெளிநாட்டார் பேசுவதை அவர் சொன்னால்தான் ஜமீன்தாருக்குப் புரியும். அவர் மொழிபெயர்க்கும்போது வேறு யாரும் வாயைத் திறக்கவே கூடாதாம். என்ன நியாயமோ!

ஒருநாள் பாரசீகக் குதிரை வியாபாரி ஒருவன் வந்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னவோ புலம்பினான்.

"தங்கள் கன்னம் ரோஜாப்பூவாம், மகாராஜா," என்றார் அனந்தப்பர்.

வியாபாரி பல்லைத் தொட்டுக் காட்டி அழுதான்.

"பல்வரிசை முத்தாம். ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்!"

விசிறி வீசிக்கொண்டிருந்த செங்கமலத்துக்குப் பொறுக்கவில்லை. "ராசா, அந்த ஆளுக்குப் பல்வலி."

"விசிறிக்காரி எனக்குப் பாஷை சொல்லித் தருகிறாளா?" என்று அனந்தப்பர் குதித்தார். "நிரூபி! இல்லையென்றால் இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை."

"சரிங்க சாமி. முதல்ல நீங்க அவரு பாஷையிலயே அவரை வாயைத் திறக்கச் சொல்லுங்க, பார்ப்போம்."

அனந்தப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு நீளமாக என்னவோ முழங்கினார். வியாபாரி திருதிருவென்று விழித்தான்.

செங்கமலம் அவன் எதிரில் போய் நின்று, "ஆ..." என்று தன் வாயைத் திறந்தாள். அவனும் உடனே "ஆ..." என்றான். உள்ளே கடைவாய்ப்பல் சொத்தை. ஈறு வீங்கிக் கிடந்தது.

ஜமீன்தார் துபாஷி பக்கம் திரும்பினார். "அப்போ இத்தனை வருஷமா என் முகத்தைப் புகழ்ந்ததெல்லாம் யாருய்யா?"

செங்கமலம்தான் பதில் சொன்னாள்: "அதெல்லாம் இவரோட சொந்தச் சரக்குங்க, ராசா."