ராஜா நெற்றியில் இருந்த மரு

பாரசீகத்துப் பக்கம் பார்த்தியா என்று ஒரு தேசம் இருந்ததாம். அந்த ராஜாவுக்கு நெற்றியில் சுண்டைக்காய் அளவு மரு. புது வெள்ளிக்காசுக்கு அச்சு வெட்டிய வராஸ், மருவையும் சேர்த்தே வெட்டிவிட்டான்.

மந்திரி குதித்தார். "ராஜா முகத்தில் அசிங்கமா? மரு தெரியக் கூடாது. ஆனால் காசைப் பார்த்ததும் இவர்தான் ராஜான்னு சின்னப்பிள்ளைகூடச் சொல்லணும். இல்லாவிட்டால் நாளைக்கு உன் கை இருக்காது!"

மருவை எடுத்தால் யாரோ ஒரு தாடிக்காரன் முகம்தான் வந்தது. வராஸ் அழுதேவிட்டான். அவன் பெண்டாட்டி ரின்னு, மரு வைத்த காசையே எடுத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு சபைக்குப் போனாள்.

"இன்னும் மரு இருக்கே!" என்று கத்தினார் மந்திரி.

ரின்னு பிள்ளையின் காதை மடக்கிக் காட்டினாள். "ராஜா, இந்த மச்சம் இவன் அப்பாவுக்கும் இருக்கு. அதனால இவன் யார் பிள்ளைன்னு ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. இதோ, உங்க அப்பா காலத்துக் காசு. அவர் நெற்றியிலும் இதே மரு. கிழக்கே எவனோ ஒருத்தன் நான்தான் அவர் மகன்னு படை சேர்க்கிறானாமே, அவனுக்கு இருக்கா இது?"

ராஜா மருவைப் பெருமையாகத் தடவிக்கொண்டார். "உன் புருஷனை இன்னும் கொஞ்சம் பெரிசாகவே வெட்டச் சொல்லம்மா."

ரின்னு நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் மந்திரி, ராஜா மனசைக் குளிர வைக்க, நெற்றியில் ஒரு கொண்டைக்கடலையை ஒட்டிக்கொண்டு சபைக்கு வந்தார்.

ராஜா கேட்டார்: "நீர் எப்போதய்யா எங்க அப்பாவுக்குப் பிள்ளையானீர்?"