உப்பளத்தூரின் கழுதை முத்திரை

அரண்மனையில் வேலை குறைந்து, ராஜாக்களுக்கு யோசனை பெருகிப்போன முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தன் கொடியில் புலி இருப்பதுபோல ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முத்திரை வேண்டும். அது பதித்த மூட்டைதான் சுங்கச்சாவடியைத் தாண்டலாம் என்று உத்தரவு போட்டார்.

ஊர்க்காரர்கள் விடுவார்களா? தெருநாயைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள் சிங்கம் போட்டார்கள். குளம்கூட இல்லாத ஊர் முதலை போட்டது. தளவாய் வீரசிகாமணி தன் ஊருக்கு இரண்டு தலைப் பறவையை வரையச் சொன்னார். கடலோரத்து உப்பளத்தூர் மட்டும் கழுதையைப் போட்டது.

அது அரசவை விகடகவி குப்பாண்டி பிறந்த ஊர். குப்பாண்டியைக் கண்டாலே தளவாய்க்கு ஆகாது. விடுவாரா?

"மகாராஜா, முத்திரையில் இருப்பதுதான் ஊர். உப்பளத்தூரார் உங்களைக் கழுதைகளுக்கு ராஜா என்கிறார்கள்."

ராஜாவின் முகம் கறுத்தது. உப்பளத்தூர் நாட்டாண்மை பிச்சாண்டியை வரவழைத்தார்.

"சாமி, எங்க உப்பைச் சுமக்கிறது அதுதான். அதை விட்டுட்டு வேற யாரைப் போடறது?" என்றார் பிச்சாண்டி.

"நாளைக் காலை உங்கள் முத்திரை உடைக்கப்படும்" என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார் ராஜா.

பிச்சாண்டி வாசல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார். முத்திரை போனால் ஒரு பிடி உப்பு வெளியே போகாது. வானமோ மூட்டம் போட்டிருந்தது. ஒரு மழை போதும், ஊரின் பிழைப்பே கரைந்துவிடும்.

குப்பாண்டி எழுந்தான். "தளவாய் சொன்னது பெரிய வார்த்தை, மகாராஜா. முத்திரையில் இருப்பதுதான் ஊர். இதைச் சட்டமாக்கிவிட்டால் என்ன?"

தளவாய்க்கு ஒரே பெருமை. "ஆக்கினோம்" என்றார் ராஜா.

"நாளை திறை கட்டும் நாள். திறை கட்டுவது யார், மகாராஜா?"

"இதென்ன கேள்வி? ஊர்தான்."

"அப்படியானால் முத்திரையில் இருப்பதே திறையைச் சுமந்து வரட்டும். ஆள் சுமந்தால் செல்லாது என்று இப்போதே தண்டோரா போடச் சொல்லுங்கள்."

ராஜா தலையசைத்துவிட்டார். தளவாயின் பெருமை அந்த நிமிஷமே இறங்கிவிட்டது.

மறுநாள் முதலில் வந்தது உப்பளத்தூர்க் கழுதை. இரண்டு மூட்டை உப்பைச் சுமந்துகொண்டு, யாரையும் சட்டை பண்ணாமல், நேரே சிம்மாசனத்தின் முன்னால் வந்து நின்றது. சிங்கத்தூரார் ஒரு நாய்க்குப் பிடரிமயிர் கட்டி இழுத்து வந்தார்கள். அது ராஜாவைப் பார்த்து வாலாட்டியது. முதலையூரார் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

"தளவாய் அவர்களே, தங்கள் பறவை எங்கே?" என்றான் குப்பாண்டி. "எந்தத் தலை வழி காட்டுவது என்று தலைகளுக்குள் தகராறோ?"



ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "நாடு முழுவதும் தேடினாலும் எனக்கு நிஜமான ஊர் ஒன்றுதான் இருக்கிறது போலிருக்கிறதே" என்று உப்பளத்தூர் முத்திரையைத் தம் கையாலேயே பிச்சாண்டியிடம் கொடுத்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார். மற்ற ஊர்களுக்குத் திறை கட்டச் சாயங்காலம்வரை தவணை கொடுத்தார்.

பிச்சாண்டி வெளியே வந்தபோது வாசலில் சிங்கத்தூரும் முதலையூரும் காத்திருந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தளவாய் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாட்டாண்மைக்காரரே, எங்கள் ஊர் முத்திரையை மாற்றப்போகிறோம். உங்களிடம் இன்னொரு கழுதை இருக்குமா?"

"இருக்குதுங்க. ஆனா தலை ஒண்ணுதான்."