மூடாத துளை

காற்றுப்பையோடு கூடிய குழலான பேக்பைப்பின் மெட்டுகளை அடையாளம் சொல்வதில் நாயக் தவசிலிங்கத்தை அடித்துக்கொள்ள அந்தப் படைமுகாமில் ஆளில்லை. பாதி அடி காதில் விழுந்தால் போதும், பெயரைச் சொல்லிவிடுவார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.

அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த பேண்டு மாஸ்டர் குலசேகரன் அதற்குத் தலையாட்டுவார். அது பாராட்டுதானா என்று யாருக்கும் தெரியாது.

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஞானமுத்து இறந்த அன்று இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். நான்கு மணிக்கு அடக்கத்துக்கு எடுக்க வேண்டும். ஞானமுத்துவும் பேக்பைப் வாசித்தவர். அப்படிப்பட்டவருக்குக் கல்லறை வரை ஒருவர் வாசித்தபடி முன்னால் நடப்பது முகாமின் வழக்கம். அன்று நடக்க வேண்டியவர் தவசிலிங்கம்.

"தினமும் சாயங்காலம் ஒண்ணே ஒண்ணுதான் வாசிப்பாரு," என்றார் ஞானமுத்துவின் மனைவி மரியபுஷ்பம். "அதைக் கேட்டுக்கிட்டே அவரு போகணும். பேரு எனக்குத் தெரியாது தம்பி."

"பேரெல்லாம் எனக்குத் தெரியும்மா. நீங்க கேட்டுட்டு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த உடலின் தலைமாட்டில் நின்று ஒரு மெட்டை வாசித்தார்.

"இல்ல."

இன்னொன்று. அதுவும் இல்லை. இருபத்து மூன்று மெட்டுகள் போயின. மணி மூன்றரை.

"விடுங்க தம்பி, ஏதோ ஒண்ணை வாசிங்க," என்று மரியபுஷ்பம் அழுதார். தவசிலிங்கத்துக்கு அவமானமாக இருந்தது. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டரிடம் வந்தார்.

"தெரிஞ்சதெல்லாம் வாசிச்சுட்டேன் சார். எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மாஸ்டர் உள்ளே போய் ஞானமுத்துவைப் பார்த்தார். ஜெபமாலை சுற்றி மார்பில் வைத்திருந்த கைகளைப் பார்த்தார். வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

"இது எப்பம்மா?"

"ரிட்டயர் ஆனப்புறம் தேயிலை ஃபேக்டரியில வேலை பாத்தாரு. அங்க மெஷின்ல மாட்டிக்கிச்சு. பதினோரு வருஷமாச்சு."

மாஸ்டர் பேக்பைப்பை வாங்கினார். வலது சுண்டுவிரலைக் குழலில் படாமல் தூக்கிக்கொண்டு, ஞானமுத்து முகாமில் விரும்பி வாசித்த மெட்டை வாசித்தார். கடைசித் துளை திறந்தே கிடந்தது. மெட்டு அடிச்சுரத்துக்கு இறங்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு படி மேலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது அடி முடிவதற்குள் மரியபுஷ்பம் கணவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான்," என்றார். "இதேதான்."

தவசிலிங்கம் மாஸ்டரின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சார், நான் முதல்ல வாசிச்சதே இதுதான்."

"ஆமா."

"ஒரு சுரம்கூடத் தப்பாம வாசிச்சேனே."

"அதனாலதான் அவங்களுக்குத் தெரியல."

தவசிலிங்கம் பேக்பைப்பை வாங்கிக்கொண்டு, வலது சுண்டுவிரலைத் தூக்கியபடி, பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.