யாரும் தொடாத செட்டிங்

அந்த ஆபீஸ்ல குருவுக்கு வயசு கம்மி, சீடருக்கு அதிகம். குரு பேரு சம்சாத். சீடர் அருளப்பன், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை விட்டுட்டு, எல்லாரும் ஓய்வெடுக்கிற வயசுல கம்ப்யூட்டர் கத்துக்க வந்தவர். ஸ்கூல் கம்ப்யூட்டர்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் செஞ்சு அனுப்புற இடம் அது.

ஒருநாள் அருளப்பன் ஒரு ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்து, தோள்ல இருந்த பையைக்கூட இறக்காம கேட்டார்.

"குருவே, நம்ம சிஸ்டம் டிஸ்க்ல எழுத வேண்டியதையெல்லாம் மெமரியில குவிச்சு வெச்சு, ஒரேயடியா கொண்டுபோய்க் கொட்டுது. கொட்டி முடியிற வரைக்கும் மவுஸ்கூட நகரல. அந்த டீச்சரம்மா மெஷின் செத்துப்போச்சுன்னு சுவிட்சை அணைச்சுட்டாங்க. போட்ட மார்க்கெல்லாம் போச்சு."

"அப்புறம்?"

"மொதல்லேர்ந்து போட்டுக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் கொஞ்சமா எழுதுற மாதிரி நாமளே வெச்சு அனுப்பலாம்ல? டீம் லீடர் தயாபரன் சார்கிட்ட ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். அதுக்கு செட்டிங் இருக்கு, தெரிஞ்சவங்க மாத்திக்கட்டும்கிறார். இன்னொரு வாட்டி இதைத் தூக்கிட்டு வந்தா டீம்லயே இருக்காதீங்கன்னுட்டார். நாளைக்கு மீட்டிங் முடிஞ்சதும் புது வெர்ஷன் போகுது. நான் என்ன பண்றது?"

"உங்க லேப்டாப்பைக் குடுங்கண்ணே."

குடுத்தார். எவ்வளவு சேர்ந்ததும் டிஸ்க்ல எழுதணும்னு சொல்ற அந்த செட்டிங்கை சம்சாத் திறந்தாங்க.

"இது நாம அனுப்புற நம்பர் இல்லியே."

"சேர்ந்த வாரமே மாத்திட்டேன். இல்லாட்டி இதுல மனுஷன் வேலை பாக்க முடியுமா?"

"யார் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான்."

சம்சாத் அவர் மாத்தி வெச்சிருந்ததை அழிச்சு, ஸ்கூலுக்கு அனுப்புற நம்பரையே போட்டாங்க. தன் லேப்டாப்பை எடுத்து, அதுல தான் மாத்தி வெச்சிருந்ததையும் அழிச்சாங்க.

"நாளைக்கு மீட்டிங் வரைக்கும் ரெண்டு பேரும் இந்த நம்பர்லயே வேலை பாப்போம்."

அருளப்பன் அப்படியே வேலை பாத்தார். ஒரு பெரிய ஃபைலைக் காப்பி போட்டுட்டு, டீ குடிச்சுட்டு வந்தார். மவுஸ் விட்ட இடத்துலயே இருந்தது. இன்னொரு டீ குடிச்சார். சாயங்காலம் வேலை முடியல, வயிறு மட்டும் ரொம்பியிருந்தது. ரெண்டு தடவை அவர் கையும் சுவிட்ச் பக்கம் போச்சு.

மறுநாள் மீட்டிங்ல தயாபரன் புது வெர்ஷனைத் திரையில போட்டுக் காட்டிக்கிட்டிருந்தார். அருளப்பன் எந்திரிச்சார்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான் சார். டீமை விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க. அதுக்கு முன்னாடி, உங்க சொந்த மெஷின்ல அந்த நம்பர் என்னன்னு திறந்து காட்டுங்க."

தயாபரன் திறக்கல. "என்னுது மாத்தினது. எனக்கு வேலை இருக்குல்ல?"

"இந்த ரூம்ல யார் மெஷின்லயாவது நாம அனுப்புறது அப்படியே இருக்கா?" சம்சாத் கேட்டாங்க. "நேத்திலேர்ந்து எங்க ரெண்டு பேரைத் தவிர?"

மூலையில இருந்தவர் லேப்டாப்பை மெதுவா மூடினார்.

"இத்தனை வருஷத்துல ஒரு கம்ப்ளெயின்ட் வரல," தயாபரன் சொன்னார்.

"செட்டிங்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சார் கம்ப்ளெயின்ட் பண்ண முடியும்," அருளப்பன் சொன்னார். "டீச்சருங்க மெஷினைத்தான் தட்டுறாங்க."

"பெரிய ஃபைல் காப்பியில நாமதான் ஃபர்ஸ்ட்டுன்னு விளம்பரம் போட்டாச்சு. மாத்தினா அந்த வேகம் குறையும். செட்டிங்கை ஒளிச்சா வெச்சிருக்கோம்? தெரிஞ்சவங்க மாத்திக்கட்டும்."

அருளப்பன் குருவைப் பாத்தார். சம்சாத் எந்திரிச்சுப் போய், தயாபரன் முன்னாடி இருந்த கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாங்க. புது வெர்ஷன்ல அந்த ஒரு நம்பரை மாத்தி, சேவ் பண்ணாங்க.

"யாரைக் கேட்டு மாத்துறீங்க?"

"நீங்க சொன்னதுதான் சார்," சம்சாத் சொன்னாங்க. "பழசு வேணும்னா, தெரிஞ்சவங்க மாத்திக்கட்டும்."