நக்கண்ணரின் கல்லூரி

அமைச்சர் நக்கண்ணருக்கு அன்று மாலை இருப்பே கொள்ளவில்லை. குரு மெய்யம்மையின் குடிலுக்குள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மெய்யம்மை அவரைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் மனசு ஆட்டம் கண்டால் அவர் ஓடி வருவது அவளிடம்தான்.

“கொஞ்சம் உட்காருங்களேன்.”

“எப்படி அம்மா உட்காருவது? விடிந்தால் சபை. என் கல்லூரியை மன்னர் இழுத்து மூடப்போகிறார்.”

“ஏனாம்?”

“மேற்படிப்பு வந்தால் நாடு செழிக்கும் என்று சொன்னவன் நான். நம்பி கஜானாவையே திறந்துவிட்டார். இப்போது கேட்கிறார், வயலில் விளைச்சல் கூடவில்லை, துறைமுகத்தில் கப்பல் கூடவில்லை, எங்கே ஐயா உம்முடைய செழிப்பு என்று. என்னிடம் பதில் இல்லை.”

பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த கல்லூரி அது.

“அங்கே படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?”

இந்தக் கேள்விக்கு மட்டும் நக்கண்ணருக்குத் தெம்பு வந்தது. “எல்லோரும் அரண்மனையில்தான்! பட்டம் வாங்கிய அன்றே பட்டுத் தலைப்பாகை கட்டி உள்ளே அழைத்துக்கொள்வது நம் வழக்கம். ஒருவரைக்கூட வெளியே விட்டதில்லை.”

“அணை கட்டப் படித்தவர்?”

“நந்தவனக் குளத்தைப் பார்த்துக்கொள்கிறார்.”

“கப்பல் கட்டப் படித்தவர்?”

“இளவரசிக்குப் படகு ஓட்டுகிறார்.” அவர் குரல் சற்று இறங்கியது. “அதுவும் கௌரவமான வேலைதானே அம்மா?”

மெய்யம்மை எழுந்து அடுப்படிக்குப் போனாள். காய்ச்சிய பால் ஆறி வெதுவெதுப்பாக இருந்தது. உறை ஊற்றுகிற நேரம். கரண்டியை எடுத்து அமைச்சரிடம் நீட்டினாள்.

“அந்தப் பானையிலிருந்து ஒரு கரண்டித் தயிர் எடுங்கள்.”

எடுத்தார்.

“திரும்பத் தயிரிலேயே ஊற்றிவிடுங்கள்.”

அவர் கை அப்படியே நின்றது. “பாலில் அல்லவா ஊற்ற வேண்டும்?”

“எதற்கு? நல்ல கெட்டித் தயிர். தயிரோடு தயிராகக் கௌரவமாக இருக்கட்டும்.”

“விடிவதற்குள் பால் திரிந்து போய்விடுமே!” நக்கண்ணருக்கு எரிச்சலே வந்துவிட்டது.

“திரியட்டும்,” என்றாள் மெய்யம்மை. “காலையில் பார்த்துவிட்டு, இந்தத் தயிர் எதற்கும் உதவாது என்று பானையைப் போட்டு உடைத்துவிடலாம்.”