சொல்லுக்கு ஒரு மாடு

முன்னொரு காலத்தில், தொட்டதற்கெல்லாம் வரி விதிக்கும் மன்னர் ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை; அமைச்சர் மழவராயர் சொல்வதே வேதம் என்று நம்பியவர், அவ்வளவுதான். நாலு பேர் கூடும் இடமெல்லாம் வரி, வரி என்ற புலம்பலாகவே இருந்ததால் மன்னருக்கு அலுத்துவிட்டது. "அந்தச் சொல்லை உச்சரிப்போர், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மாட்டை அரண்மனைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள், மன்னா" என்றார் மழவராயர். அப்படியே பறையறைந்தார்கள்.

மறுநாளே சிக்கியவள் செக்கு ஆட்டும் சிலம்பாயி. "இனி மாடு விடுற மூச்சுக்கும் வரி போடுவாங்க போல" என்று சந்தையில் சொல்லிவிட்டாள். அவளுக்கு இருந்ததே ஒரே மாடு. அது போனால் செக்கும் நிற்கும், அடுப்பும் எரியாது.

அவளைச் சபைக்குக் கொண்டுவந்தபோது, அவளுக்காக எழுந்தவன் விகடகவி அம்பலத்தாடி. எங்கள் ஊர்க்காரன். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். மழவராயருக்கோ அவனைக் கண்டாலே ஆகாது.

"மன்னா, ஆணையைச் சபையில் வாசிக்காமல் தண்டிப்பது நம் நாட்டு வழக்கமில்லையே" என்றான்.

மழவராயர் ஓலையை விரித்துக் கம்பீரமாக வாசித்தார்: "வரி என்னும் சொல்லை உச்சரிப்போர்..."

"ஒன்று" என்றான் அம்பலத்தாடி.

"என்ன ஒன்று?"

"மாடு, ஐயா. தாங்கள் தரவேண்டியது."

"நான் வரியைக் குறை சொல்லவில்லை! வரி பற்றிய ஆணையைத்தான் வாசிக்கிறேன்!"

"மூன்று ஆகிவிட்டது. ஆணையில் குறை சொல்வோர் என்று இல்லை, ஐயா. உச்சரிப்போர் என்றுதான் இருக்கிறது."

சபையோர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். மன்னர் எரிச்சலோடு, "அமைச்சரே, வரி என்ற சொல்லை விட்டுவிட்டு வாசியும்!" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் தலை குனிந்திருப்பார்கள். எங்கள் அம்பலத்தாடி மன்னரை நேராகப் பார்த்தான்.

"நாலாவது மாடு அரண்மனைத் தொழுவத்திலிருந்து வரவேண்டும், மன்னா. அரண்மனை மாட்டை அரண்மனைக்கே எப்படிக் கொடுப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை."

மன்னர் ஒரு கணம் முறைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த ஓலையைக் கிழித்தெறியச் சொன்னார். அமைச்சரின் மூன்று மாடுகளும் அம்பலத்தாடிக்கு, சிலம்பாயியின் மாடு அவளுக்கே, கூடவே அரண்மனை மாடும் அவளுக்கு என்று தீர்ப்பானது.

"மகாராசா, உங்க வீட்டு மாடு செக்கு இழுக்குமுங்களா?" என்றாள் சிலம்பாயி.

"பழக்கு, தாயே. இத்தனை நாள் சும்மா தின்றது போதும்."

இன்றும் எங்கள் ஊரில் வரி கட்டுகிறோம். எதற்கு என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறோம்.