சந்திர சூரியர் உள்ளவரை

தாண்டவமூர்த்திக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தைந்து. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற தாண்டவமூர்த்தி, ஒரே மகள் தேன்மொழி காய்ச்சலில் இறந்த பிறகு ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

அன்று காலை ஒரு துணிப்பையைக் குருவின் முன் வைத்தார்.

"சாமி, இது நான் ஓய்வு பெற்றப்ப வந்த பணம் மொத்தமும். தேன்மொழி பேர்ல ஒரு கட்டளை வைக்கணும். வருஷா வருஷம் அவ போன நாள்ல முப்பது பேருக்குச் சோறு. சந்திர சூரியர் உள்ளவரைன்னு கல்லுல வெட்டிடுங்க. அவ பசி தாங்கமாட்டா."

"பணத்தை எங்க போடப் போறீங்க?"

"பேங்க்லதான். அங்க இருந்த அம்மா, பணவீக்கம்னு ஒண்ணு இருக்கு, யோசிச்சுச் செய்யுங்கன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பணம் வீங்கினா பெருகுதுன்னுதானே சாமி அர்த்தம்? நல்லதுதானே?"

குரு சிரிக்கவில்லை.

"இன்னைக்குக் குமரப்பர் கட்டளை. நீங்க பார்த்ததில்லையே. அதை முடிச்சுட்டுப் பேசலாம்."

கூடத்துச் சுவரில் அந்தக் கல் இருந்தது. நெல் வியாபாரி குமரப்பர் இறந்துபோன தன் மகன் பேரால் நூறு ரூபாய் வைத்திருந்தார். அதன் வட்டி ஆறு ரூபாயில் ஆண்டுதோறும் இந்நாளில் முப்பது பேருக்கு அன்னம். கடைசி வரி, சந்திர சூரியர் உள்ளவரை. கல் வெட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் ஆறு ரூபாய்க்கு ஒரு மூட்டை அரிசி வந்ததாம்.

குரு ஆறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். "அரிசி வாங்கிட்டு வாங்க."

கடைக்காரர் ரூபாயையும் தாண்டவமூர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "கோழிக்குஞ்சுக்கா?" என்று கேட்டுவிட்டு நூறு கிராம் நிறுத்துக் கொடுத்தார். பொட்டலம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

தாண்டவமூர்த்தியே கழுவிப் பொங்கினார். கட்டளைச் சோற்றோடு வேறு சோறு கலக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். முப்பது இலை போட்டு, இலைக்கு ஒரு நெல்லிக்காய் அளவு வைத்தார் குரு. நல்ல உச்சி வெயில். கதவைத் திறந்து வைத்து மணி அடித்தார். யாரும் வரவில்லை.

"சாப்பிட ஆளே இல்லையே சாமி?"

"பேசாதீங்க."

முதல் இலையில் இருந்த சோறு காணாமல் போனது. காற்று இல்லை, காக்கையும் இல்லை. பிறகு இரண்டாவது இலை. அப்படியே வரிசையாகப் போய் முப்பதாவது இலையும் காலியானது.

அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. வெறும் இலையைச் சின்ன நகங்கள் வழிக்கிற சத்தம். கடைசி இலையில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

அரிசி கழுவிய கையைச் சில்லென்று ஏதோ தொட்டது. குழந்தை விரல்கள். அவருடைய உள்ளங்கையை விரித்துத் தேடின. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டன.

"யாரு சாமி?"

"குமரப்பர் மகன். எட்டு வயசு."

"அவங்க அப்பா வெச்ச பணம்?"

"பத்திரமா இருக்கு. ஒரு காசு குறையல."

தாண்டவமூர்த்தி சுவரில் இருந்த கடைசி வரியைப் பார்த்தார். பிறகு தன் பையைப் பார்த்தார்.

"மடத்துச் சோறாவது போடக் கூடாதா சாமி?" என்று அழுதேவிட்டார்.

"போட்டுப் பார்த்தேன். தொடமாட்டேங்கறான். யாராவது ஒரு அப்பா காசுல வாங்கின அரிசியைத்தான் சாப்பிடுவான்."

கூடத்தில் மறுபடியும் இலை வழிக்கிற சத்தம்.

"அப்ப என் தேன்மொழிக்கு?"

குரு துணிப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு இவனுக்கு நீங்க வாங்குங்க. கடை திறந்துதான் இருக்கும், ஐயா."